அலைக்கற்றையில் முறைத்தண்ணீர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கம்பியில்லாத் தகவல்தொடர்பைப் பற்றித் தமிழில் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். முப்பது ஆண்டுக்கு மேல் இந்தப் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தியவன் நான். ஆனால் இது எனக்குப் புரிந்தது தமிழில்தான், அதுவும் சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில். அந்தக் கரைக்குப் பிறகு வருகிறேன். முதலில் மதுரைக்குப் போவோம்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாள். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு போயிருந்தேன். விடியற்காலைக் கூட்டத்தில் தம்பி மகன் கைநழுவிப் போய்விட்டான். பதின்மூன்று வயதுப் பையன், கையில் கைபேசி இருக்கிறது. என் கைபேசியில் சிக்னல் கோடு நான்கும் நிறைந்திருந்தன. ‘கல்பாலத்துக்கிட்ட நிக்கிறோம்’ என்று தட்டி அனுப்பினேன். இரண்டே சொல். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் எங்களைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்து, இளநீர் குடித்து முடித்த பிறகுதான் அந்தச் செய்தி அவன் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பி மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள்: “மச்சான், நீங்க இதத்தான பாடம் நடத்துறீங்க? சிக்னல் ஃபுல்லா இருந்தும் ஏன் போகல?”

அன்று அவளுக்கு நின்றபடியே ஏதோ சொன்னேன். முழுப் பதில் இன்றைக்குத்தான்.

நாம் காசு கொடுத்து வாங்குவது ‘ஸ்பீடு’. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரத் தொடங்கிய பின் நிமிடத்துக்கு எத்தனை குடம் நிறைகிறது என்பது ஒன்று. குழாயைத் திறந்ததிலிருந்து முதல் சொட்டு குடத்தில் விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்பது மற்றொன்று. முதலாவதைப் பாடநூல்கள் த்ரூபுட் என்கின்றன. நான் பாய்வளவு என்பேன். இரண்டாவது தாமதம். படத்தை இறக்கிவைத்துக்கொண்டு பிறகு பார்ப்பவருக்குப் பாய்வளவு இருந்தால் போதும். கடையில் நின்று பணம் அனுப்புகிறவருக்கு, மகளோடு பேசுகிறவருக்கு, ஐம்பது கல் தொலைவில் இருக்கும் நோயாளியின் கண்ணைப் பார்க்கும் மருத்துவருக்குத் தாமதம்தான் கணக்கு. ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக நடக்கும் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘நீங்க சொல்லுங்க’, ‘இல்ல நீங்க சொல்லுங்க’ என்று திண்டாடுவார்கள்.

இந்தத் தாமதம் எங்கே பிறக்கிறது? காற்றில் இல்லை. ரேடியோ அலை ஒரு மைக்ரோவிநாடியில் 300 மீட்டர் போகிறது. டவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஏழு மைக்ரோவிநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். மதுரையில் என் செய்தி இருபது நிமிடம் எங்கே இருந்தது? முறை கிடைக்காமல் என் கையிலேயே இருந்தது.

முறை என்ற சொல்லை இங்கே யோசித்துத்தான் போடுகிறேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஐந்து மடை. ஐப்பசி, கார்த்திகையில் நீர் தளும்பும்போது யாரும் முறை பார்க்க மாட்டார்கள். தை பிறந்து தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் ஊர் கூடி முறை வைக்கும். அப்புறம் மண்வெட்டி நீர்ப்பாய்ச்சியின் கையில்தான். நீர்க்கட்டி என்று வேறு பகுதிகளில் சொல்வார்கள். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் கணக்கு. எங்கள் வயல் கடைமடை. அதனால் காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

கம்பி வழிப் போகும் தகவலுக்கு ஆளுக்கொரு வாய்க்கால் வெட்டிவிடலாம். காற்று எல்லோருக்கும் ஒரே கண்மாய். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் இரண்டும் கெட்டுவிடும். கணினித் தகவலில் இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே நேருக்கு நேர் சந்தித்தவர்கள் ஹவாய்த் தீவுக்காரர்கள். 1971 ஜூனில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனும் கூட்டாளிகளும் அலோஹா வலைப்பின்னலை இயக்கினார்கள். தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்களை ஓவாஹு தீவில் இருந்த கணினியோடு ரேடியோவால் இணைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. அவர்கள் வைத்த விதி வியக்கத்தக்க எளிமை: சொல்ல வேண்டியது இருந்தால் உடனே சொல். பதில் வராவிட்டால் யாரோ குறுக்கே பேசிவிட்டார் என்று கொள். குருட்டாம்போக்கில் சிறிது நேரம் பொறுத்து மறுபடியும் சொல்.

இதில் எவ்வளவு உருப்படியாகப் போய்ச் சேரும் என்று ஏப்ரம்சன் கணக்குப் போட்டார். அதிகபட்சம் 18.4 விழுக்காடு. மீதி நேரம் மோதலிலும் சும்மா இருப்பதிலும் போய்விடும். 1972-ல் லாரி ராபர்ட்ஸ் ஒரு சிறு திருத்தம் சொன்னார். நேரத்தைச் சம கூறுகளாகப் பிரித்து, கூறின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று விதி வையுங்கள் என்றார். அவ்வளவுதான், பாய்வளவு இரட்டித்து 36.8 விழுக்காடு ஆனது. ஏன் இரட்டித்தது என்பது அழகான செய்தி. முன்பு ஒரு தகவல் பொட்டலத்தின், அதாவது பாக்கெட்டின், வால் அடுத்த பொட்டலத்தின் தலையில் இடித்தாலும் இரண்டும் கெட்டன. கூறு பிரித்த பின் பாதி இடி என்பதே கிடையாது. இடித்தால் முழுதாக இடிக்கும், இல்லையென்றால் இல்லை. ஆபத்துக்கு ஆளாகும் நேரம் பாதியாகிவிட்டது. கூடுதல் ஆற்றல் இல்லை, கூடுதல் அலைக்கற்றை இல்லை. ஒழுங்கு மட்டும் கூடியது.

அந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது. பேச விரும்புகிறவர்கள் கூடக் கூடப் பாய்வளவு ஓர் உச்சிவரை ஏறும். உச்சியைத் தாண்டியதும் அப்படியே நிற்காது, சரியும். மோதல் பெருகுகிறது, மோதியவர்கள் மறுபடி வருகிறார்கள், அதனால் இன்னும் மோதல். கதவு ஒன்றே இருக்கும் மண்டபத்தில் எல்லோரும் ஒருசேர வெளியே பாய்ந்தால் ஒருவரும் வெளியே வர முடியாதே, அதுபோலத்தான்.

இப்போது தம்பி மனைவிக்குப் பதில் சொல்லலாம். 4ஜி கைபேசி சும்மா இருந்துவிட்டு டவரோடு பேசத் தொடங்க வேண்டுமானால் முதலில் கதவைத் தட்ட வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு செல்லிலும், அதாவது டவரின் ஒவ்வொரு வீச்சுப் பரப்பிலும், 64 அடையாள ஒலிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கைபேசி ஒன்றை எடுத்து, குறித்த நேரக் கூறில் தட்டுகிறது. அதே கூறில் வேறொருவர் அதே ஒலியை எடுத்திருந்தால் மோதல், பொறுத்துவிட்டு மறுபடி தட்ட வேண்டும். பெயர் மாறியிருக்கிறது, உள்ளே இருப்பது ராபர்ட்ஸ் சொன்ன அதே அலோஹாதான். வைகைக் கரையில் இலட்சக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் தட்டின. நான்கு கோடுகள் சொல்வது டவரின் குரல் என் காதில் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதை மட்டும். அந்தக் கதவுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அவை சொல்வதே இல்லை. சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

கதவைத் தாண்டி உள்ளே போனால் வரிசை. வரிசையைப் பற்றி ஒரே ஒரு கணக்கை இந்த அவையில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்கிறேன், மின்னணுத் துறையினர் மட்டுமல்ல. ஒரு பொட்டலத்தை அனுப்ப ஒரு மில்லிவிநாடி ஆகிறது என்று கொள்வோம். பொட்டலங்கள் முன்பின்னாக, ஒழுங்கில்லாமல் வருகின்றன. வழி பாதி நேரம் வேலையாக இருந்தால், காத்திருப்பையும் சேர்த்துச் சராசரியாக 2 மில்லிவிநாடி. 80 விழுக்காடு வேலையாக இருந்தால் 5. 90 என்றால் 10. 95 என்றால் 20. 99 என்றால் 100. பாருங்கள், 90-லிருந்து 99-க்குப் போனதில் பாய்வளவு பத்தில் ஒரு பங்கு கூடியது, தாமதம் பத்து மடங்கு ஏறியது. ‘எங்கள் வழித்தடம் நூற்றுக்கு நூறு பயன்படுகிறது’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்த வழியில் காத்திருப்பவர்களை எண்ணி நான் வருந்துவேன்.

இதற்கு மருந்து என்று நினைத்து ஒரு காலத்தில் செய்ததே நோயாகப் போனது. பொட்டலம் தவறக்கூடாது என்று கருவிகளில் நினைவகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். விலை மலிந்ததல்லவா? கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் வழி விநாடிக்கு 1 மெகாபிட். ரவுட்டரில் 256 கிலோபைட் இடையகம், அதாவது பொட்டலங்கள் காத்து நிற்கும் நினைவகம். அது நிரம்பிவிட்டால் கடைசியில் வந்து நிற்கும் பொட்டலத்துக்கு இரண்டு விநாடிக் காத்திருப்பு. ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பத் தொடங்கினால் போதும், அந்த வீட்டில் மற்ற எல்லோருடைய பேச்சும் அந்தக் கோப்புக்குப் பின்னால் போய் நிற்கும். 2010-ல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பிலேயே ஒரு விநாடிக்கும் மேற்பட்ட தாமதத்தைக் கண்டு, துருவிப் பார்த்து, இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். இடையக வீக்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

வீக்கம் எப்படி வருகிறது என்பதற்குச் சற்றுப் பின்னே போக வேண்டும். 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓடிய இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடையே 400 கஜம்தான். விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த வழியில் 40 பிட் போயிற்று. வேன் ஜேக்கப்சன் காரணம் கண்டு, 1988-ல் மருந்தும் எழுதினார்: பொட்டலம் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று புரிந்துகொண்டு, அனுப்புகிறவர் தாமாகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். இணையம் இன்றுவரை நிற்பது அந்த நல்லொழுக்கத்தின் மேல்தான். ஆனால் இடையகம் பெருத்துப்போனால் பொட்டலம் தொலையவே தொலையாது. தொலையாததால் அனுப்புகிறவருக்குச் சேதி எட்டாது. அவர் மேலும் மேலும் அனுப்புவார், வரிசை மேலும் நீளும்.

கம்பியில்லா வழியில் இதன் மறுபக்கமும் உண்டு. அங்கே நெரிசலே இல்லாமல், ஒரு பேருந்து குறுக்கே போனதால்கூடப் பொட்டலம் தொலையும். அனுப்புகிறவர் அதை நெரிசல் என்று நம்பி வீணாகக் குறைத்துக்கொள்வார். இதைத் தடுக்க, தொலைந்ததை ரேடியோ அடுக்கிலேயே விரைந்து மறுபடி அனுப்பி மேலே தெரியாமல் மறைத்துவிடுகிறார்கள். நல்லதுதான். மறைக்கிற நேரமெல்லாம் தாமதமாக ஏறுகிறது.

2012-ல் அதே வேன் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கோல்ஸும் கோடெல் என்ற முறையைத் தந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, ஒரு பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார். 100 மில்லிவிநாடி நெடுகக் காத்திருப்பு 5 மில்லிவிநாடிக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லையென்றால் ஒன்றிரண்டை வேண்டுமென்றே கீழே போடு. அதுவே அனுப்புகிறவருக்குச் சேதி. வேண்டுமென்றே தொலைப்பதால் எல்லோருக்கும் நன்மை என்பதை முதலில் கேட்கும் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் ஓட்டிக் காட்டியதும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த ஆண்டே அது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள் வந்துவிட்டது. பெரிய கோப்புக்கும் சிறிய பேச்சுக்கும் தனித்தனி வரிசை அமைக்கும் முறையையும் அதோடு சேர்த்தார்கள். 2018-ல் அந்தக் கூட்டுமுறை இணைய நெறிமுறை ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 8290 என்ற எண்ணோடு ஏறிற்று. செலவு ஏதுமில்லாத இந்த மருந்து இன்னும் எல்லா வீட்டு ரவுட்டருக்கும் வந்து சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி வைஃபை. அதன் அடிப்படை விதியில் முறை வைக்கும் நீர்ப்பாய்ச்சி கிடையாது. பேசுமுன் காதைக் கொடுத்துக் கேள், அமைதியாக இருந்தால் குருட்டாம்போக்கில் சிறிது பொறுத்துப் பேசு என்பது அங்கே விதி. எல்லோருக்கும் பேசும் வாய்ப்பு சமம். சமம் என்றால் நியாயம் என்றுதான் நமக்குத் தோன்றும். 2003-ல் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் நால்வர் இதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். பழைய 802.11பி வைஃபையில் ஒருவர் ரவுட்டருக்கு அருகில், 11 மெகாபிட் வேகத்தில். மற்றவர் பின்கட்டில், 1 மெகாபிட் வேகத்தில். 1,500 பைட் பொட்டலத்தை அனுப்ப முதலாமவருக்கு 1.1 மில்லிவிநாடி போதும். இரண்டாமவருக்கு 12 வேண்டும். ஆளுக்கு ஒன்றாக மாறி மாறி அனுப்பினால் இருவருக்குமே விநாடிக்கு 0.9 மெகாபிட்தான் கிடைக்கும். 11-ல் ஓடக்கூடியவர் 1-க்கும் கீழே வந்துவிட்டார், பின்கட்டுக்காரரும் பெரிதாக வாழவில்லை.

எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி இந்தத் தவறைச் செய்ய மாட்டார். வயல் நிறையும்வரை என்று அவர் முறை வைப்பதில்லை, நாழிகைக் கணக்கில் வைப்பார். அதேபோலக் காற்றுநேரத்தைச் சமமாகப் பிரித்தால் அருகில் இருப்பவருக்கு 5.5, பின்கட்டுக்காரருக்கு 0.5. மொத்தப் பாய்வளவு மூன்று மடங்குக்கு மேல் உயர்கிறது. 2017-ல் டோக்கே ஹோய்லண்ட்-யோர்கன்சனும் கூட்டாளிகளும் லினக்ஸ் வைஃபையில் காற்றுநேரச் சமத்தையும் குறுவரிசையையும் ஒருங்கே செய்து, சுமைக்கு நடுவிலும் தாமதம் பல மடங்கு குறைவதைக் காட்டினார்கள். ஆனால் பின்கட்டுக்காரர் 0.9-லிருந்து 0.5-க்கு இறங்கியிருக்கிறாரே, அதை நான் மறைக்க விரும்பவில்லை. கடைமடைப் பிள்ளைக்கு அது கண்ணில் படாமல் போகாது. அதற்கு வருகிறேன்.

நம் மாவட்டங்களுக்கு அருகிலேயே நடந்த ஒரு வேலையை இப்போது சொல்ல வேண்டும். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் கிளை உண்டு. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பார்வை மையங்கள் அமைத்தார்கள். பயிற்சி பெற்ற பெண் பணியாளர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசுவார். அன்றைக்கு அங்கே நல்ல இணைய இணைப்பு கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய டியர் ஆய்வுக் குழு, சாதாரண வைஃபை அட்டைகளையும் திசையுள்ள ஆன்டெனாக்களையும் கொண்டு கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு இணைப்புக் கொடுத்தது.

வீட்டுக்குள் ஓடப் பிறந்த வைஃபை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டும்போது என்ன ஆகும்? 15 கிலோமீட்டர் போக 50 மைக்ரோவிநாடி. காதைக் கொடுத்துக் கேட்கும் விதிக்கு அடிப்படையான நேரக் கூறு 802.11பி-யில் 20 மைக்ரோவிநாடி. அதாவது எதிர்முனை பேசத் தொடங்கியது என் காதில் விழுவதற்கு முன்பே நானும் பேசத் தொடங்கிவிடுவேன். கேட்டுப் பேசுதல் என்பதற்கே அங்கே பொருள் இல்லை. மேலும், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘கிடைத்தது’ என்ற பதில் வந்த பிறகே அடுத்தது போகும். பதில் போய்வர 100 மைக்ரோவிநாடி. குறித்த நேரத்துக்குள் பதில் வராததால், கிடைத்த பொட்டலத்தையே கிடைக்கவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்பும். இன்னொரு சிக்கல்: ஒரே கோபுரத்தில் இரண்டு திசைக்கு இரண்டு ரேடியோக்கள் இருந்தால், ஒன்று உரக்கப் பேசும்போது பக்கத்து ரேடியோவுக்குத் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்காது.

இந்தக் கடைசிச் சிக்கலுக்கு ஐஐடி கான்பூரில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005-ல் ஒரு வழி எழுதியிருந்தார்கள். ஒரு கோபுரத்தின் ரேடியோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசட்டும், பிறகு ஒரே நேரத்தில் கேட்கட்டும். டியர் குழு அந்த வழியில் மேலே போய், கேட்டுப் பேசும் விதியை அடியோடு நிறுத்திவிட்டு முறை வைத்தது. இத்தனை மில்லிவிநாடி இந்தக் கரை, இத்தனை மில்லிவிநாடி அந்தக் கரை. பதிலையும் பொட்டலத்துக்கு ஒன்றாக அனுப்பாமல் மொத்தமாக அனுப்பச் செய்தது. 2007-ல் வெளிவந்த அவர்களுடைய வைல்ட்நெட் கட்டுரையின்படி, வழக்கமான வைஃபையில் எட்டக்கூடியதைவிடப் பாய்வளவு 2 முதல் 5 மடங்கு. அதே கருவி, அதே அலைக்கற்றை.

என் மனம் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் முறையின் நீளம். எங்கள் ஊரில் மடை மாற்றும்போதெல்லாம் காய்ந்த வாய்க்கால் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வயலுக்கு விடும். அரை நாழிகைக்கு ஒருமுறை மடை மாற்றினால் பாதித் தண்ணீரை வாய்க்காலே குடிக்கும். ஆறு நாழிகைக்கு ஒருமுறை மாற்றினால் வீண் குறையும், ஆனால் கடைசி வயல்காரர் மூன்று நாள் வானத்தைப் பார்த்து நிற்பார். காற்றிலும் அப்படியே. பேசும் கரையை மாற்றும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் வீணாகிறது. முறையை நீட்டினால் பாய்வளவு ஏறும், தாமதமும் ஏறும். 10 மில்லிவிநாடியா, 20-ஆ என்று முடிவு செய்வது, கோப்பு அனுப்பவா, மருத்துவர் பேசவா என்பதைப் பொறுத்தது. இன்றைய வைஃபையும் பல பொட்டலங்களைச் சேர்த்துக் கட்டி ஒரே மூச்சில் அனுப்புகிறது. 2009-ல் வந்த 802.11என் தரத்தின் பெரும்பலங்களில் அதுவும் ஒன்று. அங்கேயும் மூட்டை பெருத்தால் பின்னால் நிற்பவர் காத்திருக்க வேண்டும். ஒரு விலை கொடுக்காமல் மற்றது கிடைப்பதில்லை.

அந்த வலைப்பின்னலைப் பற்றி அதே குழு மறு ஆண்டு எழுதியதையும் மாணவர்கள் படிக்க வேண்டும். பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் நெறிமுறை அல்ல, மின்சாரத்தின் தரம். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் பலகைகள் எரிந்தன, நினைவு அட்டைகள் கெட்டன. இணைப்பு செத்துவிட்டால் தாமதம் முடிவிலி. நல்ல ஸ்டெபிலைசரும், ரவுட்டரைத் தானே மறுதொடக்கம் செய்யும் சிறு சுற்றும், ஊரிலேயே பழுது பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளையும் எந்தக் கணிதத்துக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

பாய்வளவும் தாமதமும் ஒன்றையொன்று இழுப்பது தற்செயலா, இயற்கையா? 2000-ல் பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும் ஒரு தேற்றம் தந்தார்கள். குமார் சென்னை ஐஐடியில் 1973-ல் பட்டம் பெற்றவர். டவர் இல்லாமல் கருவிக்குக் கருவி தகவலைக் கைமாற்றிக்கொண்டு போகும் வலைப்பின்னலில், கருவிகளின் எண்ணிக்கை நூறு மடங்கானால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். ஒவ்வொருவரும் அடுத்தவர் சுமையைத் தூக்குவதிலேயே நேரம் போய்விடுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் மத்தியாஸ் குரோஸ்கிளவுசரும் டேவிட் சேயும் வேறொன்றைக் காட்டினார்கள். கருவிகள் நடமாடுகின்றன என்று வைத்துக்கொண்டு, தகவலைக் கையில் வைத்திருந்து, உரியவர் அருகில் வரும்போது கொடுக்கலாம் என்றால் பாய்வளவு குறையவே வேண்டாம். ஊருக்குப் போகிறவரிடம் பலகாரம் கொடுத்தனுப்புவது போல. போய்ச் சேரும், எப்போது என்றுதான் சொல்ல முடியாது. 2004-ல் பாலாஜி பிரபாகர் உள்ளிட்ட நால்வர் இரண்டுக்கும் நடுவே உள்ள பேரத்தைச் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள்.

இந்தப் பேரத்தின் எல்லையையே தள்ளிவைத்தவர் ஒருவர் உண்டு. பொள்ளாச்சியில் பிறந்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சேர்ந்து, கப்பல்களுக்கான அப்சோ என்ற சோனார் கருவியை உருவாக்கியவர். பிறகு ஸ்டான்ஃபோர்டு சென்றார். சுவரிலும் மரத்திலும் பட்டுத் தெறிக்கும் எதிரொலிகளை ரேடியோப் பொறியாளர்கள் அதுவரை பகையாகவே பார்த்துவந்தார்கள். பல ஆன்டெனாக்களால் அனுப்பிப் பல ஆன்டெனாக்களால் வாங்கினால், அந்த எதிரொலிகளே ஒரே அலைவரிசையில் பல தனி வாய்க்கால்களாகப் பயன்படும் என்று கண்டார் பால்ராஜ். தாமஸ் கைலாத்தோடு அவர் பெற்ற காப்புரிமை 1994-ல் வந்தது. ஒரு வழியின் கொள்ளளவுக்கு ஷானன் 1948-ல் தந்த சூத்திரத்தின்படி, நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் ஆற்றலை இரட்டித்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு ஒரு பிட்தான் கூடும். இருபுறமும் ஆன்டெனாவை இரட்டித்தால் பாய்வளவே ஏறத்தாழ இரட்டிக்கும். இன்று உங்கள் வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாவற்றிலும் மிமோ என்ற பெயரில் இருப்பது அதுதான். 2014-ல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. பொள்ளாச்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

5ஜி பற்றி ஒரு சொல். முறையின் கூறு 4ஜியில் 1 மில்லிவிநாடி, 5ஜியில் அதைப் பாதியாகவும் அதற்குக் குறைவாகவும் சுருக்கலாம். விளம்பரத்தில் வரும் ‘ஒரு மில்லிவிநாடித் தாமதம்’ ரேடியோப் பகுதிக்கு வைத்த இலக்கு மட்டுமே. கண்ணாடி இழையில் ஒளி மில்லிவிநாடிக்கு 200 கிலோமீட்டர்தான் போகும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கணினியோடு பேசினால் போக மட்டும் ஐந்து மில்லிவிநாடி. தகவல் மையம் அருகில் இருக்க வேண்டும் என்பதும் தாமதப் பொறியியல்தான்.

கடைமடைக்குத் திரும்புகிறேன். டவரில் நீர்ப்பாய்ச்சி வேலை பார்ப்பது ஷெட்யூலர் என்ற நிரல். நல்ல சிக்னல் உள்ளவருக்கே எல்லா நேரத்தையும் கொடுத்தால் மொத்தப் பாய்வளவு உச்சத்தில் இருக்கும். எல்லையில் நிற்பவர் செத்தார். இதற்கு ஒரு பக்குவமான விதி உண்டு. ஒவ்வொருவருக்கும் இந்த நொடியில் எட்டக்கூடிய வேகத்தை, இதுவரை அவருக்குக் கிடைத்த சராசரியால் வகு. எவருடைய ஈவு பெரிதோ அவருக்கு இந்த முறை. சிக்னல் ஏறி இறங்கும்போது அவரவர் நல்ல நொடியில் அவரவர்க்குக் கிடைக்கும். காத்திருக்கக் காத்திருக்கச் சராசரி குறையும், உரிமை ஏறும். மூன்றாம் தலைமுறைக் கைபேசித் தரமான இவி-டிஓ காலத்திலிருந்து இந்த விதி வழக்கில் இருக்கிறது. நான் இதை மதிக்கிறேன். ஆனால் இதுவும் நெடுங்காலக் கணக்கில் காற்றுநேரத்தை ஏறத்தாழச் சமமாக்கும் விதிதான். கடைமடைக்கு வாய்க்கால் நீளம், கசிவு அதிகம் என்பதால் எங்கள் ஊரில் அரை நாழிகை கூட்டிக் கொடுப்பார்கள். அந்த அரை நாழிகையை நிரலில் எழுத முடியும், ஒரு மாறிலியை மாற்றினால் போதும். எழுத வேண்டும் என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். 2024-ல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வெளியிட்ட சேவைத்தர விதிகளில் தாமதத்துக்கும் அளவுகோல் இடம்பெற்றிருப்பது நல்ல தொடக்கம். சராசரித் தாமதத்தோடு நிற்காமல், செல்லின் எல்லையில், மாலை நெரிசலில் அளந்த தாமதத்தையும் கேட்கும் நாள் வர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. இன்று இரவு வீட்டிலோ விடுதியிலோ, யாரும் பெரிதாக எதையும் அனுப்பாத நேரம் பார்த்து ஒரு பிங் ஓட்டி, மறுமொழி வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு கைபேசியில் பெரிய வீடியோ ஒன்றை மேலேற்றத் தொடங்கி, அது ஓடும்போதே மறுபடி அளந்து பாருங்கள். மூன்றாவதாக, ரவுட்டருக்கு எட்டாத கடைசி அறைக்குப் போய் ஒருமுறை. மூன்று எண்கள். அவற்றுக்கு எதிரே ரவுட்டரின் பெயரையும் எழுதுங்கள். நாளை காலை பத்து மணிக்கு இந்தக் கல்லூரியின் தகவல்தொடர்பு ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். தாள்களோடு வாருங்கள். கோடெல் போட்ட ரவுட்டர் ஒன்றை நான் கொண்டுவருகிறேன்.